கவிதை எழுதக் கற்றுத்தரும் வேலை: எல்லையோரத்துத் தமிழ் மாணவருக்கு ஒரு விளக்கம்

ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு எதை எடுத்தாலும் பின்னட்டையில் ஏறக்குறைய ஒரே மாதிரி நாலு வரி இருக்கும். கவிஞர் பிறந்த ஊர், வாங்கிய பரிசு, முந்தைய தொகுப்புகள், கடைசியாக ‘இன்ன பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து கற்பிக்கிறார்’ என்று ஒரு தகவல். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் படித்துக்கொண்டே கவிதையும் எழுதும் பிள்ளைகளை இந்தக் கடைசி வரிதான் குழப்புகிறது. (இங்கே சித்தூர் என்றால் கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோரத்தில் இருக்கும் பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரச் சித்தூரிலும் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.) அது என்ன வேலை, யார் எடுக்கிறார்கள், நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுத வேண்டுமா, புத்தகம் போட்டிருந்தால் போதுமா என்ற கேள்விகளுக்கு அடிப்படையிலிருந்து பதில் பார்ப்போம்.

## மூன்று பேரை ஒருவராக நினைக்கிறோம்

1. இலக்கிய ஆசிரியர். சங்கப் பாட்டு, சிலம்பு, பாரதி என்று பிறர் எழுதியதை விளக்குபவர். அவர் ஒரு வரிகூடச் சொந்தமாக எழுதியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

2. கவிஞராகவும் இருக்கும் ஆசிரியர். இவருக்குச் சம்பளம் ஏதோ ஒரு பாடத்துக்கு; கவிதை தனிக் கணக்கு. கேரளத்துத் தமிழுக்கு இதில் நீண்ட வரிசையே உண்டு. ‘மனோன்மணீயம்’ எழுதிய சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் நடத்தியது தத்துவம். நகுலன் அதே ஊரில் மார் இவானியோஸ் கல்லூரியில் நடத்தியது ஆங்கிலம். ஏ. கே. ராமானுஜன் கொல்லத்தில் ஆங்கில விரிவுரையாளராக இருந்தவர்; பிறகு சிகாகோவில் மொழியியலும் தென்னாசிய மொழிகளும் கற்பித்தார். மலையாளத்தில் ஓ.என்.வி. குறுப்பும் ஐயப்பப் பணிக்கரும் இதே வகை. எழுதக் கற்றுத்தர வேண்டும் என்று இவர்களில் யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை.

3. படைப்பெழுத்து ஆசிரியர். வகுப்பில் மாணவர் எழுதிக்கொண்டு வருவதுதான் இவருக்குப் பாடநூல். அதை வரிவரியாகப் படித்து, எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்று காட்டுவதும், அடுத்த வாரம் திருத்தி எழுதவைப்பதும் வேலை.

மூன்றாமவரைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம். ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவைக்கலாம். இவருக்கும் சம்பளம் சொந்தக் கவிதைக்கு வருவதில்லை. கவிதை கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே போனபின் மாதாமாதம் வரும் பணம், இருபது வயதுப் பிள்ளைகள் எழுதும் அரைவேக்காட்டுக் கவிதைகளோடு பொறுமையாக உட்கார்ந்திருப்பதற்கு. இந்த வேலையின் நல்லது கெட்டது எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

## எங்கிருந்து வந்தது

பல்கலைக்கழகப் பாடமாக இது வேர்பிடித்தது அமெரிக்காவில். அயோவா பல்கலைக்கழகம் 1922-இலேயே ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பதிலாகப் படைப்பை ஏற்கலாம் என்று விதி வகுத்தது. 1936-இல் அங்கே எழுத்தாளர் பட்டறை தொடங்கியது. பிரிட்டனில் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1970-இல் முதுகலைப் படிப்பாக ஆரம்பித்தது.

கவிதையைச் சொல்லித்தர முடியாது, அது பிறவியில் வருவது என்று நம்மில் பலர் இன்னும் சொல்கிறார்கள். தமிழ் மரபு அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணங்களை வாயால் சொல்லச் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள். அவர்களையும் செய்யுள் இயற்றவைத்துத் திருத்தினார். உ.வே. சாமிநாதையர் அந்தத் திண்ணையில் படித்து வந்தவர்தான். யாப்பருங்கலக்காரிகை என்ற நூலே எழுதக் கற்பவரை மனதில் வைத்து உண்டானது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையை ஆதீனம் தாங்கியது. பட்டறை நடத்தும் கவிஞரைப் பல்கலைக்கழகம் தாங்குகிறது. அங்கே மாணவர் ஆசிரியரின் பாட்டை எழுதிக்கொண்டே கற்றார். இங்கே ஆசிரியரின் கவிதை வகுப்பறைக்குள் வருவதே இல்லை. பெரிய வேறுபாடு அது.

## அமெரிக்கப் பாதை, படிப்படியாக

1. பட்டம். எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலைப் பட்டம்) என்பது இரண்டு அல்லது மூன்று ஆண்டுப் படிப்பு. ஆய்வேடு என்று தனியாக எதுவும் இல்லை. புத்தக அளவில் ஒரு கவிதைத் தொகுப்பைக் கையெழுத்துப் படியாகக் கொடுக்க வேண்டும். இந்தத் துறையில் இதையே கடைசிப் பட்டமாக மதிக்கிறார்கள். அதனால் முனைவர் பட்டம் இல்லாமலும் பேராசிரியர் ஆகலாம். நல்ல இடங்களில் கட்டண விலக்கும் சிறு உதவித்தொகையும் தருவார்கள். பதிலுக்கு இளநிலை மாணவருக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்லித்தர வேண்டும்.

2. முதல் தொகுப்பு. அங்கே பதிப்பகத்தைத் தெரிந்தவர் மூலம் பிடிப்பதைவிடப் போட்டிக்கு அனுப்புவதே வழக்கம். யேல் பல்கலைக்கழகம் 1919 முதல் இளங்கவிஞர் வரிசை என்ற பெயரில் இப்படிப்பட்ட ஒன்றை நடத்துகிறது. பெரும்பாலான போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. ஜெயித்தால் புத்தகம் வரும். தோற்றவர்கள் அடுத்த வருடம் இன்னொரு போட்டிக்குப் பணம் கட்டுவார்கள்.

3. பணி. இதில் இரண்டு தடங்கள். வகுப்புக் கணக்கில் கூலி வாங்கும் பகுதிநேர ஆசிரியர் ஒரு தடம். பருவம் முடிந்தால் வேலையும் முடிந்தது. நிரந்தரத்தை நோக்கிப் போகும் உதவிப் பேராசிரியர் இன்னொரு தடம். ஏறக்குறைய ஆறாவது ஆண்டில் அவருடைய கோப்பைக் குழு பரிசீலிக்கும். முதல் தொகுப்பு அவரை வேலைக்குக் கொண்டுவந்தது என்றால், அங்கேயே நிலைக்க அடுத்த தொகுப்பு வேண்டும்.

4. நிலைத்த பின். பாடச்சுமை குறையும், ஆய்வு விடுப்பு கிடைக்கும். சிபாரிசுக் கடிதம் கேட்டு வரும் மாணவர்களும் கூடுவார்கள்.

ஒரு கவிதைத் தொகுப்பை அங்கே அறிவியல் துறையின் ஆய்வுக் கட்டுரைக்குச் சமமாக வைக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குழுவில் இருக்கும் வேதியியல் பேராசிரியர் அந்தக் கவிதையைப் படிக்கப்போவதில்லை. எந்தப் பதிப்பகம், எந்தப் பரிசு, வெளியிலிருந்து யார் மதிப்பீடு எழுதினார்கள் என்றுதான் பார்ப்பார்.

எல்லாரும் ஒரே வாசல் வழியாகப் போனவர்களும் அல்ல. கேரள வேருள்ள இருவரையே எடுத்துக்கொள்வோம். மீனா அலெக்சாண்டர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கி, ஹைதராபாத்தில் கற்பித்து, பிறகு நியூயார்க் ஹன்டர் கல்லூரிக்குப் போனவர், 2018-இல் மறைந்தார். கேரளத்துத் தந்தைக்குப் பிறந்த எய்மி நெழுகுமடத்தில் ஒஹாயோவில் எம்.எஃப்.ஏ. முடித்து, இப்போது மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் கவிதை கற்பிக்கிறார். முன்னவர் ஆராய்ச்சியின் வழியாகப் போனார், பின்னவர் பட்டறையின் வழியாக.

## வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது

பட்டறை என்றால் இதுதான் முறை. கவிதையின் நகல் முன்கூட்டியே எல்லோருக்கும் போய்விடும். வகுப்பில் மற்றவர்கள் பேசுவார்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. கடைசியில் ஆசிரியர் தொகுத்துச் சொன்னபின் எழுதியவர் கேள்வி கேட்கலாம். எழுதினவரையே பேச விடாத இந்த விதியை இப்போது பல இடங்களில் தளர்த்திவிட்டார்கள்.

நம் ஊரில் இப்படி ஒரு வகுப்பு நடப்பதாக வைத்துக்கொள்வோம். கள் இறக்கும் தோப்புகள் நிறைந்த தாலுகா இது. சித்தூர்க் கள் கேரளம் முழுக்கப் போகிறது. ஒரு மாணவி இப்படி எழுதி வருகிறாள்:

பனியில் நனையும் தென்னைகள்
கண்ணீராய்க் கள் சொரிகின்றன
எல்லை தாண்டும் வண்டியில்
என் ஊரின் சோகம் போகிறது

இலக்கிய ஆசிரியர் இதில் உருவகம் இருக்கிறது, சமூக அக்கறை இருக்கிறது என்று குறித்து மதிப்பெண் போட்டுவிடலாம். பட்டறை ஆசிரியரால் அப்படி நகர முடியாது. அவர் கேட்கும் கேள்விகள் ரொம்பச் சின்னவை. வண்டி எத்தனை மணிக்குப் போகிறது? எந்த எல்லையைத் தாண்டுகிறது? கள் இங்கிருந்து கேரளத்துக்குள்ளேதானே போகிறது, அப்புறம் மாநில எல்லை எங்கே வந்தது? பானையா, கேனா? யாருக்குச் சோகம்? முதல் வரியும் இரண்டாம் வரியும் நீ பார்த்தவையா, படித்தவையா?

கடைசிக் கேள்விக்கு மாணவி உண்மையாகப் பதில் சொன்னால் அன்றைய வகுப்பு வெற்றி. இரண்டு வாரம் கழித்து அவள் கொண்டுவருவது இப்படி இருக்கலாம்:

விடியுமுன்னே
கொழிஞ்சாம்பாறையத் தாண்டுது கள்ளு வண்டி.
கேன் மூடி வழியா நுரை.
எங்கப்பா தூக்கி வெச்சது
எந்தக் கேனோ.

சோகம் என்ற சொல் போய்விட்டது, அப்பா வந்துவிட்டார். ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. ‘தாண்டுது’, ‘வெச்சது’ என்று பேச்சுத் தமிழ் வந்ததால் ஒருவர் ஆட்சேபிப்பார். இந்தப் பக்கத்துத் தமிழில் மலையாளச் சொல்லும் கலக்குமே, அதை ஏன் விட்டாய் என்பார் இன்னொருவர். நாலாவது வரி முடிந்ததும் ஒரு நொடி நிற்க வேண்டுமா, ‘எந்தக் கேனோ’ என்பதை அதோடு சேர்த்துவிடலாமா என்பதற்கே கால்மணி நேரம் போகும். பேராசிரியர் அங்கே சம்பாதிக்கும் சம்பளம் இந்தக் கால்மணி நேரத்துக்குத்தான்.

இதற்கு விலையும் உண்டு. வாரம் பத்துப் பன்னிரண்டு கவிதைகளை இப்படிப் படிப்பவருக்குச் சொந்தக் கவிதையில் காது மந்தமாகும் அபாயம் இருக்கிறது. மாணவர்கள் பக்கமும் ஒரு சிக்கல்: பன்னிரண்டு பேரும் ஆட்சேபிக்காத கவிதையை எழுதப் பழகிவிடுகிறார்கள். அமெரிக்கப் பட்டறைக் கவிதைகள் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கின்றன என்ற குற்றச்சாட்டு இதிலிருந்து வந்ததுதான். எனக்கு அதில் பாதி உடன்பாடு. இன்னொரு பாதி, பட்டறையே இல்லாத தமிழிலும் முகநூல் கவிதைகள் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கின்றன என்பதைப் பார்க்கும்போது கரைந்துவிடுகிறது.

## இந்தியக் கணக்கு

இங்கே கதவு வேறு. உதவிப் பேராசிரியர் ஆக முதுகலையில் 55 சதவீதமும், நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியோ விதிப்படியான முனைவர் பட்டமோ வேண்டும். நெட் தேர்வு இரண்டு தாள், 150 கொள்குறி வினாக்கள், 300 மதிப்பெண். அதில் ஒரு வரி சொந்தமாக எழுத இடமில்லை. படைப்பெழுத்து என்று தனிப் பாடமும் அந்தப் பட்டியலில் கிடையாது. தமிழ்ப் பாடத்திலோ ஆங்கிலப் பாடத்திலோதான் எழுத வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்று தீர்மானிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறைகளில் நூறு மதிப்பெண் அட்டவணை ஒன்று இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு அதில் 30. தேசிய அளவில் விருது வாங்கியிருந்தால் 3. தேசிய விருதே வாங்கிய இளங்கவிஞருக்கும் அவ்வளவுதான். பதவி உயர்வுக்குப் பார்க்கும் ஆய்வு மதிப்பெண்ணில் மொழித் துறைக்காரரின் ஒரு கட்டுரைக்கு 10, தேசியப் பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கு 10, மொழிபெயர்ப்பு நூலுக்கு 8. கவிதைத் தொகுப்பு என்று பெயர் சொல்லி அதில் ஒரு வரி இல்லை. எல்லையோரத்துக் கவிஞர் மலையாளத்திலிருந்து ஒரு நூலை மொழிபெயர்த்தால் அதற்கு எட்டு மதிப்பெண் தெளிவாக உண்டு. சொந்தத் தொகுப்புக்குக் குழுவின் மனசு இரங்க வேண்டும். அமெரிக்காவில் கவிதையை வைத்து ஆளை எடுக்கிறார்கள். இங்கே அவருடைய கவிதை ஒன்றைக்கூடப் படிக்காமலே கவிஞரை எடுத்துவிட முடியும்.

பணக் கணக்கையும் பார்ப்போம். ஏழாவது ஊதியக் குழுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். சாகித்ய அகாடமி விருதுத் தொகை ஒரு லட்சம். இரண்டு மாதச் சம்பளத்தைவிடக் குறைவு. இளம் எழுத்தாளருக்கான யுவ புரஸ்கார் 50,000. தொகுப்பின் விலை 120 ரூபாய், விற்றது 300 பிரதி, உரிமைத்தொகை பத்து சதவீதம் என்று வைத்தால் 3,600 ரூபாய் வரும். கவிஞர்கள் ஏன் கல்லூரி வேலையைத் தேடுகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இதற்கு நடுவே இரண்டு சன்னல்கள் திறந்திருக்கின்றன.

முதலாவது, ‘நடைமுறைப் பேராசிரியர்’. 2022-இல் யு.ஜி.சி. கொண்டுவந்த இந்த ஏற்பாட்டில் பட்டமும் நெட்டும் கட்டாயமில்லை. துறையில் பதினைந்து ஆண்டு அனுபவம் வேண்டும். இலக்கியத்தையும் துறைகளில் ஒன்றாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அனுமதிக்கப்பட்ட இடங்களில் பத்து சதவீதத்துக்கு மேல் இப்படி எடுக்க முடியாது. பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு, ரொம்ப அபூர்வமாக நான்கு. ஐம்பது வயதுக் கவிஞருக்கு நல்ல ஏற்பாடு. இருபத்தைந்து வயதுக்காரர் இதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட முடியாது.

இரண்டாவது, படைப்பெழுத்தையே பாடமாக வைத்திருக்கும் சில நிறுவனங்கள். இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் படைப்பெழுத்தில் பட்டயப் படிப்பு வைத்திருக்கிறது. டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தில் முதுகலை உண்டு. நமக்குப் பக்கத்தில், 2012-இல் திரூரில் தொடங்கிய துஞ்சத்து எழுத்தச்சன் மலையாளப் பல்கலைக்கழகம் இலக்கியப் படைப்பையே முதுகலைப் பாடமாக்கியது. அதன் முதல் துணைவேந்தர் கே. ஜெயகுமாரும் கவிஞர்தான். மலையாளத்தின் பெருங்கவிஞர் எழுத்தச்சன் பிறந்தது திரூர். கடைசிக் காலத்தில் இருந்தது சித்தூரில். அவருடைய குருமடம் சோகநாசினி ஆற்றங்கரையில் இன்றும் இருக்கிறது. அவர் பெயரால் கவிதை சொல்லித்தருவது மலையாளத்தில். அதே சித்தூரின் அரசுக் கல்லூரியில் முதுகலைத் தமிழ் உண்டு. தமிழில் எழுதச் சொல்லித்தரும் முதுகலை எல்லையின் இந்தப் பக்கம் இல்லை.

## எல்லையோர மாணவர் கவனிக்க வேண்டியவை

பாலக்காட்டுப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் செட் தேர்வு. தமிழ்நாட்டில் செட் என்றால் கல்லூரி உதவிப் பேராசிரியருக்கான தகுதித் தேர்வு. கேரளத்தில் அதே பெயரில் நடப்பது ஹயர் செகண்டரி ஆசிரியருக்கான தேர்வு. பெயர் ஒன்று, வேலை வேறு. தமிழ்நாட்டுச் செட் அந்த மாநிலக் கல்லூரிகளுக்கு மட்டுமே செல்லும். கோயம்புத்தூரில் படித்து அந்தச் செட்டில் தேறியவர் பொள்ளாச்சியில் விண்ணப்பிக்கலாம். பேருந்தில் சற்று நேரத்தில் எட்டிவிடும் சித்தூர் கல்லூரிக்கு அது உதவாது. கேரள அரசுக் கல்லூரி நியமனம் அரசுப் பணியாளர் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) வழியாக நடக்கிறது, அதற்கு நெட் எழுதிவிடுவதுதான் வம்பில்லாத வழி. இரண்டு மாநிலத்துக்கும் பொருந்தும்.

அடுத்தது மொழி. தமிழ் மட்டும் தெரிந்தவரைவிட, மலையாளத்திலும் சரளமாகப் படித்து எழுதத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் வழி அதிகம். பொள்ளாச்சிக் கவிஞர் சிற்பி பாலசுப்பிரமணியம் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அகாடமியின் மொழிபெயர்ப்புப் பரிசையும் கவிதைக்கான விருதையும் வாங்கியவர். மொழிபெயர்ப்புப் பரிசு மலையாள நாவல் ஒன்றுக்காகக் கிடைத்தது. ஆந்திரப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்: திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலும் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்த் துறைகள் இருக்கின்றன, தெலுங்கு கையில் இருந்தால் மொழிபெயர்ப்பு வழியாகவும் கோப்பைக் கனமாக்கலாம்.

சரி, இப்போதே படைப்பெழுத்து வகுப்பைத் தமிழில் தொடங்க வழி உண்டா? ஒன்று இருக்கிறது. 2024-இல் கேரளத்தில் வந்த நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் ‘சிக்னேச்சர்’ பாடம் என்று ஒரு வகை உண்டு. ஒரு கல்லூரி ஆசிரியர் தானே வடிவமைத்து நடத்தும் சிறப்புப் பாடம் அது. வருகைதரு ஆசிரியரும் நடத்தலாம். பாடத்திட்டக் குழு பரிந்துரைத்து, கல்விக் குழு ஒப்புதல் தர வேண்டும். தமிழ்த் துறை இருக்கும் ஒரு கல்லூரி உள்ளூர்க் கவிஞர் ஒருவரை இதற்கு அழைத்தால் புதிய பணியிடம் கேட்டு அரசிடம் நிற்க வேண்டியதில்லை. சிக்கல் மதிப்பீட்டில் வரும். மூன்று மணி நேரத் தேர்வறையில் கவிதை எழுதச் சொல்லி மதிப்பெண் போடுவது வீண். முதல் வரைவு, திருத்தம், அடுத்த திருத்தம், ஒவ்வொன்றிலும் என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்ற குறிப்பு என்று ஒரு கோப்பாக வாங்கி மதிப்பிட வேண்டும். இதை விண்ணப்பத்திலேயே எழுதிக்கொடுக்காவிட்டால் குழுவில் முதல் கேள்வியே ‘வினாத்தாள் மாதிரி எங்கே?’ என்றுதான் வரும்.